வகுப்பறைக்கு வெளியே கற்பிப்போரின் பணிநிலை, பாதுகாப்பு குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர் மற்றும் செயலாளர்,
சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் பணிபுரியும் குழந்தைகளுக்கான இயற்கைக் கல்விப் பயிற்றுநர்களின் சங்கம்.

பெறுநர்:
1. அரசுச் செயலாளர், பள்ளிக்கல்வித் துறை
2. அரசுச் செயலாளர், சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை
3. அரசுச் செயலாளர், தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: குழந்தைகளுக்கான இயற்கைக் கல்விப் பயிற்றுநர் பணியை அங்கீகரித்தல், களவகுப்புகளுக்குப் பாதுகாப்பு விதிகள் வகுத்தல், பயிற்றுநர்களுக்கு ஊதியமும் நலப் பாதுகாப்பும் உறுதி செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பள்ளிக் குழந்தைகளை ஏரிக்கரைக்கும் கடற்கரைக்கும் புதர்க்காட்டுக்கும் அழைத்துச்சென்று, அங்குள்ள உயிர்களைப் பார்க்கவும் கேட்கவும் அடையாளம் காணவும் பழக்குவது எங்கள் தொழில். இந்த மனுவை மூன்று துறைகளுக்கும் சேர்த்தே அளிக்கக் காரணம் உண்டு. குழந்தைகள் பள்ளிக்கல்வித் துறையின் பொறுப்பில் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் அழைத்துப்போகும் இடங்களில் பல வனத்துறையின் பொறுப்பில் இருக்கின்றன. அழைத்துப்போகும் நாங்களோ எந்தத் துறையின் பதிவேட்டிலும் இல்லை. எங்கள் துன்பங்கள் அனைத்தும் இந்த ஒரு நிலையிலிருந்தே கிளைக்கின்றன. குழந்தைகளுக்கு நேரக்கூடிய ஆபத்துகளும் அப்படியே.

1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம், காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு ஆகியவற்றைக் காப்பதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலை எல்லா நிலைக் கல்வியிலும் கட்டாயப் பாடமாக்க ஆணையிட்டது. 2001இல் தேசிய பசுமைப் படை தொடங்கப்பட்டுப் பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் வந்தன. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம், பள்ளியில் கற்பது வெளியுலக வாழ்வோடு இணைய வேண்டும் என்றது. இவற்றால் பாடம் வந்தது, புத்தகம் வந்தது, தேர்வும் வந்தது. குழந்தையை வெளியே அழைத்துப்போய்க் காட்டும் மனிதரைப் பற்றி மட்டும், எங்களுக்குத் தெரிந்தவரை, எந்த அரசாணையும் பேசவில்லை.

எங்கள் வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம். அது தெரியாததால்தான் இதைச் சுற்றுலா வழிகாட்டும் பணி என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள்.

வேளச்சேரியில் வசிக்கும் ஓர் ஏழாம் வகுப்பு மாணவி, 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தன் தெருவில் தண்ணீர் நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். ஆனால் அந்தத் தண்ணீர் போய்ச்சேர வேண்டிய பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பேருந்து ஜன்னல் வழியாகத் தவிர அவள் பார்த்ததில்லை. அதன் கரையில் அவளை நிறுத்தி, தென்சென்னையின் ஏரிகள் ஒன்று நிரம்பி மற்றொன்றுக்கு வழிந்து இங்கே வருவதையும், இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேர்வதையும் காட்டுகிறோம். பிறகு ஒரேயொரு நீலத் தாழைக்கோழியைத் தேர்ந்தெடுத்துப் பத்து நிமிடம் அதை மட்டும் பார்க்கச் சொல்கிறோம். அது எதைத் தின்கிறது, எங்கே ஒளிகிறது, கோரைப்புல் இல்லாவிட்டால் என்ன செய்யும் என்ற கேள்விகளை அவளே கேட்கத் தொடங்குகிறாள். பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியை 2022இல் பெற்ற அந்த நிலத்தில் குப்பைமேடும் கட்டடங்களும் எங்கிருந்து வந்தன என்று அவள் கேட்கும்போது, பயமுறுத்தாமலும் மழுப்பாமலும் அவள் வயதுக்கேற்ற பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும்.

கடற்கரை வகுப்பு இதைவிடக் கடினமானது. ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் நம் கரையில் முட்டையிட வருகின்றன. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் அவை நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. செத்த ஆமையைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளில் மீனவர் வீட்டுப் பிள்ளையும் இருப்பான். இழுவலையில் சிக்கும் ஆமை மூச்சுவிட மேலே வர முடியாமல் சாகிறது என்ற உண்மையையும் சொல்ல வேண்டும். அந்தப் பையன் தன் அப்பா குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டதாக உணரவும் கூடாது. கரையோரத்தில் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்ற விதியையும், ஆமை வெளியேற வலையில் பொருத்தும் அமைப்பையும், சிறு படகில் போகும் மீனவரின் வாழ்க்கையையும் சேர்த்துப் பேசத் தெரிந்தவரே அந்த இடத்தில் ஆசிரியராக நிற்க முடியும்.

குழந்தைகள் வருவதற்கு முன்னும் வேலை இருக்கிறது. முந்தைய நாளே பாதையை நடந்து பார்க்கிறோம். குளவிக்கூடு எந்த மரத்தில் இருக்கிறது, நிழல் எத்தனை மணிவரை நிற்கும், அலையேற்றம் எப்போது, பெண் குழந்தைகளுக்குக் கழிப்பறை எங்கே, பாம்புக்கடி முறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்றெல்லாம் குறித்துக்கொள்கிறோம். இந்த முன்தயாரிப்பு நாளுக்கு யாரும் ஊதியம் தருவதில்லை.

ஊதிய நிலையையும் உள்ளபடி தெரிவிக்கிறோம். வலசைப் பறவைகள் வரும் மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. மழைக்காக விடுமுறை அறிவிக்கப்பட்டால் அன்றைய வகுப்பு ரத்தாகும். முந்தைய நாள் உழைப்பும் பயணச் செலவும் எங்கள் கணக்கில் போகும். விடுமுறை அறிவிப்பை நாங்கள் குறை சொல்லவில்லை. அது சரியான முடிவே. அதன் இழப்பு முழுவதும் பயிற்றுநர் தலையில் விழுவதைத்தான் சொல்கிறோம். தேர்வு மாதங்களில் வேலை இல்லை. ஏப்ரல், மே முகாம்களுக்கான பணம் பல நேரங்களில் அடுத்த பருவம் தொடங்கிய பிறகே கைக்கு வருகிறது. திறமையான இளைஞர்கள் சில ஆண்டுகள் இதில் இருந்துவிட்டு, திருமணம் ஆனதும் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஒரு நல்ல பயிற்றுநர் உருவாகப் பல பருவங்கள் ஆகும் என்பதால் இது குழந்தைகளுக்கும் இழப்பு.

இதைச் சரிசெய்ய ஒரு முன்மாதிரி அரசிடமே இருக்கிறது. 2022இல் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களிடம் கருத்தாளர்களை நேரில் அனுப்பி அறிவியல், கணிதச் செயல்பாடுகளை நடத்துகிறது. அதே வழியில் இயற்கைக் கல்விக்கும் கருத்தாளர் பட்டியல் ஒன்றை மாவட்டந்தோறும் உருவாக்க வேண்டும். அரை நாள் களவகுப்புக்குக் குறைந்தது 1,500 ரூபாயும், முழு நாளுக்கு 2,500 ரூபாயும், இரவுத் தங்கலுக்கு 3,500 ரூபாயும், பயணப்படி தனியாகவும் நிர்ணயிக்க வேண்டும். வகுப்பு முடிந்த 30 நாளுக்குள் பணம் வழங்கப்பட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ரத்தாகும் வகுப்புக்குப் பாதி ஊதியம் தரப்பட வேண்டும். தனியார் பள்ளிகளும் முகாம் நிறுவனங்களும் இதற்குக் குறையாமல் கொடுக்க ஆணை வேண்டும்.

அடுத்து நாங்கள் வைப்பது, எங்கள்மீதே கட்டுப்பாடு விதிக்கும்படியான கோரிக்கை. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு போலி என்.சி.சி. முகாமில் மாணவிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை நாடே அறியும். முகாம் நடத்துகிறேன் என்று வந்தவர் யார் என்று சரிபார்க்க ஒரு பொதுப் பதிவேடு இருந்திருந்தால், பள்ளி வாசலிலேயே அவர் தடுக்கப்பட்டிருக்கலாம். இன்றும் இயற்கை முகாம் என்று ஒரு துண்டறிக்கை அச்சிட்டு யார் வேண்டுமானாலும் குழந்தைகளை அழைத்துப்போக முடிகிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி மாண்டனர். அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. குழந்தைகளின் களவகுப்புக்கும் அப்படி ஒரு துயரம் நடந்த பிறகுதான் விதி வர வேண்டுமா?

ஆகவே காவல்துறைச் சரிபார்ப்பு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் குறித்த பயிற்சி, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் முதலுதவிச் சான்று ஆகிய மூன்றும் இல்லாத எவரும் குழந்தைகளைக் களத்துக்கு அழைத்துச்செல்லக் கூடாது என விதி வேண்டும். பூங்காவில் 15 குழந்தைகளுக்கு ஒருவர், நீர்நிலை ஓரத்திலும் காட்டுப்பாதையிலும் 10 பேருக்கு ஒருவர், கடற்கரை இரவு நடையில் 6 பேருக்கு ஒருவர் எனப் பயிற்சி பெற்ற பெரியவர்கள் உடன் இருக்க வேண்டும். பேருந்துச் செலவைக் குறைக்க ஒரே பயிற்றுநரிடம் இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் ஒப்படைக்கும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. மறுத்தால் அடுத்த முறை அழைப்பு வராது என்ற அச்சத்தில் எங்கள் உறுப்பினர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். விதி இருந்தால் மறுக்க முடியும். எங்கள் உறுப்பினர்கள் அனைவரும் முதல் நாளே சரிபார்ப்புக்கு வரிசையில் நிற்கத் தயார்.

இனி எங்கள் உடல்நலம் சார்ந்த கோரிக்கை. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியதை மனமார வரவேற்கிறோம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் நாங்கள் நடக்கும் வரப்பிலும் புதரிலும் இருக்கின்றன. புதர்ப்பகுதிச் சிற்றுண்ணிகளால் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல், தேனீக் கொட்டு, வெயில் மயக்கம் எல்லாம் இந்தத் தொழிலோடு வருபவை. பள்ளியின் காப்பீட்டில் மாணவர்களும் ஆசிரியர்களும் இருப்பார்கள்; அன்று ஒருநாள் வந்த பயிற்றுநர் இருக்கமாட்டார். காயம்பட்டால் மருத்துவச் செலவும் அவருடையது, வேலை போன நாட்களும் அவருடையவை. 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் பல தொழில்களுக்கு நல வாரியங்கள் இயங்குகின்றன. இணையம்வழிப் பணிபுரியும் கிக் தொழிலாளர்களுக்கு வாரியம் அமைக்கப்படும் என 2023இல் அரசு அறிவித்து நிறைவேற்றியது. எங்களையும் பொருத்தமான ஒரு வாரியத்தில் சேர்த்து, விபத்து உதவி, மகப்பேறு உதவி, முதுமையில் ஓய்வூதியம் ஆகியவை கிடைக்க வழிசெய்ய வேண்டும்.

எங்கள் உறுப்பினர்களில் பெண்கள் கணிசமானோர். முகாமில் அவர்களுக்குத் தனி அறையும் பூட்டுள்ள கழிப்பறையும் இரவு நடை முடிந்ததும் வீடு திரும்ப வாகனமும் கட்டாயமாக்கப்பட வேண்டும். வாய்மொழி உறுதி போதாது, அனுமதிக் கடிதத்திலேயே எழுதப்பட வேண்டும்.

அனுமதி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும் என்கிறது, அது நியாயமானது. ஆனால் பள்ளி ஒருபக்கம் கல்வி அலுவலருக்கும் நாங்கள் மறுபக்கம் வன அலுவலருக்கும் எழுதி, இரண்டு பதிலும் ஒரே வாரத்தில் சேர்வது அரிதாக இருக்கிறது. அதற்குள் பறவைகள் போய்விடுகின்றன. கல்வி நோக்கிலான களவகுப்புக்கு ஒரே விண்ணப்பம், 15 நாளில் முடிவு, அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு நுழைவுக் கட்டண விலக்கு ஆகியவற்றை வேண்டுகிறோம்.

தகுதி குறித்து ஒன்றை அழுத்தமாகப் பதிவு செய்கிறோம். பதிவேடு வரும்போது பட்டச் சான்றிதழ் இல்லாதவர்களை வெளியே தள்ளிவிடும் அபாயம் உண்டு. பட்டம் இல்லாத அறிவுக்குச் சான்றுகள் நம்மிடமே உண்டு. வேடந்தாங்கல் ஊர்மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளை யாரும் சுடக் கூடாது என 1798லேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் உத்தரவு வாங்கியவர்கள். 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத்தரும் நஞ்சிலிருந்துதான் நாட்டின் முறிவு மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. அச்சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். ஒரு தடத்தைப் பார்த்து எது, எப்போது, எந்தப் பக்கம் போனது என்று சொல்லக்கூடிய இருளர் பெண்ணும், காற்றின் திசையில் கடலை அறியும் மீனவரும் எங்களைவிடச் சிறந்த ஆசிரியர்கள் என்று எங்கள் அனுபவத்தில் அறிந்திருக்கிறோம். அவர்களின் அறிவைக் களத்திலேயே நேரில் பார்த்து மதிப்பிட்டு, முழு ஊதியத்துடன் பயிற்றுநராகப் பதிவு செய்ய வேண்டும். 2024இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டம் உள்ளூர் இளைஞர்களையும் பழங்குடியினரையும் வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தது. பெரியவர்களின் மலையேற்றத்துக்கு முடிந்தது, குழந்தைகளின் கல்விக்கும் முடியும்.

கடைசியாக, இந்தக் கல்வி இன்று பணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் கிடைக்கிறது. சதுப்புநிலத்தை ஒட்டிய மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை. அரசு மற்றும் மாநகராட்சிப் பள்ளிகளில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரையிலான ஒவ்வொரு மாணவருக்கும் ஆண்டுக்கு இரண்டு களவகுப்புகள் கிடைக்க நிதி ஒதுக்க வேண்டும். தொலைதூரப் பயணம் தேவையில்லை. பள்ளிக்கு அருகிலுள்ள ஏரியும் கோயில் குளமும் போதும்.

வரும் கல்வியாண்டு தொடங்கும் முன் மூன்று துறைகளின் அலுவலர்களும் எங்கள் பிரதிநிதிகளும் அமரும் கூட்டுக் கூட்டம் ஒன்றைக் கூட்டித் தருமாறும், இம்மனுவின்மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். விதிகளின் வரைவையும் பயிற்சிப் பாடத்திட்டத்தையும் தயாரிக்கும் பணியில் எங்கள் உறுப்பினர்கள் ஊதியம் எதிர்பாராமல் உடன் உழைப்பார்கள் என உறுதியளிக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: சென்னை