'போகாதீர்கள்' எப்படிப் 'போனார்கள்' ஆயிற்று?

ஹிட்லர் காலத்து யூதர்களைப் பற்றி மேடையில் யார் பேசினாலும் ஐந்தாவது நிமிடத்தில் ஓர் ஆட்டு மந்தை வந்துவிடுகிறது. "கசாப்புக்குப் போகிற ஆடுகளைப் போல வாய் திறக்காமல் போனார்கள்!" சென்ற மாதம் ஒரு நூல் வெளியீட்டு விழாவிலும் வந்தது. பேச்சாளர் குரலைத் தழைத்துச் சொன்னார். முன்வரிசை உச்சுக் கொட்டியது. இருபது வருஷமாக இந்த மந்தை என் காதில் மேய்கிறது. வரிசையாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: "எதிர்க்கவே இல்லை." யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோ, 1943 ஏப்ரல் 19. டிரெப்ளிங்கா முகாம், ஆகஸ்ட் 2. பியாலிஸ்டோக், ஆகஸ்ட் 16. சோபிபோர் முகாம், அக்டோபர் 14. யூதர்கள் திருப்பி அடித்த நாட்களின் ஒரே வருஷத்துக் காலண்டர் இது. தேதி பார்க்கத் தெரிந்தால் போதும்.

இரண்டு: "ஆயுதம் எடுத்திருக்கலாமே." கடையிலா விற்றது? பயிற்சி பெற்ற சோவியத் செம்படைச் சிப்பாய்கள் முப்பது லட்சத்துக்கும் மேல் ஜெர்மானியரிடம் கைதிகளாகிச் செத்தார்கள். அவர்களை ஆடு என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை.

மூன்று: "அன்றைய பத்திரிகைகளில் ஒரு வரிகூட வரவில்லை." எந்தப் பத்திரிகையில்? போலந்து யூதர்களை ஒழிக்க நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹிம்லர் போட்ட திட்டத்தை நியூயார்க் டைம்ஸ் 1942 நவம்பர் 25 அன்று பத்தாம் பக்கத்தில் போட்டது. அதைப் புரட்டிவிட்டு 'உலகம் அறியவில்லை' என்கிறோம். அதே நியூயார்க்கில் அப்போது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் நான்கு நாளிதழ்கள் வந்தன: ஃபோர்வெர்ட்ஸ், டெர் டோக், மோர்கன் ஜுர்னால், மோர்கன் ஃப்ரைஹைட். சோஷலிஸ்டுக்கு ஒன்று, மதப்பற்றாளருக்கு ஒன்று, கம்யூனிஸ்டுக்கு ஒன்று என்று பங்கு பிரித்துக்கொண்டு ஒருவரையொருவர் கரித்துக் கொட்டியவர்கள். வார்சா சண்டை மட்டும் அவர்களுக்கு முதல் பக்கச் செய்தியாக இருந்தது.

அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதுவது சுலபம் என்பீர்கள். சரி, கெட்டோவுக்குள்ளேயே போவோம். வார்சாவில் பூந்த் (யூத சோஷலிஸ்டுகள்), டுரோர் (சியோனிஸ்டுகள்) முதலிய இயக்கத்து இளைஞர்கள் ஒளித்துவைத்த சைக்ளோஸ்டைல் மெஷின்களில் ரகசிய இதழ்கள் அடித்தார்கள். ஒரு பிரதி பல கை மாறியது. போலி அடையாள அட்டையோடு ரயிலேறிய இளம்பெண்கள் மற்ற கெட்டோக்களுக்குச் செய்தி கொண்டுபோனார்கள். 1942 ஏப்ரல் 17 இரவு நாஜி ரகசியப் போலீசான கெஸ்டாப்போ ஒரு பட்டியலோடு வந்தது. வீடு வீடாகத் தட்டி, ஆட்களைத் தெருவுக்கு இறக்கிச் சுட்டது. விடிவதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் பிணமானார்கள். ரகசியப் பத்திரிகைகளே காரணம் என்று, ஜெர்மானியர் நியமித்த யூதக் கவுன்சிலுக்குச் சொல்லப்பட்டது. நான் கேட்கிறேன்: ஆடு பத்திரிகை நடத்துமா? நடத்தினால்தான் என்ன, அதற்குக் கசாப்புக்காரன் பயப்படுவானா?

அந்த இதழ்களில் பலவற்றை வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கெல்புளூமின் குழு தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் போட்டு மண்ணில் புதைத்தது. போருக்குப் பின் 1946-இலும் 1950-இலும் தோண்டி எடுத்தார்கள். சோவியத் பக்கம் 1942 ஜூனிலிருந்து 'ஐனிகைட்' என்ற இத்திஷ் இதழ் வந்தது. யூதக் கெரில்லாக்களைப் பற்றி அது எழுதியது. எழுத்தாளர் வசிலி கிராஸ்மன் உக்ரைனில் யூதர்களே இல்லாமல் போனதை எழுதியபோது, அச்சேற்றியதும் அதுதான். 1948-இல் ஸ்டாலின் ஆட்சி அதை மூடியது; அதில் எழுதியவர்களில் சிலரை 1952-இல் சுட்டுக் கொன்றது. ஒரு மொழியின் செய்தி எப்படிக் காணாமல் போகிறது என்று இனியும் கேட்காதீர்கள்.

நான்கு: "பெரிய ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள்." 1961-இல் வந்த ரவுல் ஹில்பெர்க்கின் மாபெரும் நூல் பெரும்பாலும் ஜெர்மன் ஆவணங்களால் கட்டப்பட்டது. கொலைகாரன் வீட்டு ஃபைலைப் புரட்டிவிட்டு, செத்தவன் முரண்டு பிடித்தானா என்று தீர்ப்புச் சொல்வது என்ன நியாயம்?

கடைசியாக, இந்த ஆடு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். யூதர்களின் வேத நூலில் இருந்த பழைய உவமை அது. 1941 டிசம்பர் 31 இரவு, வில்னா (இன்றைய வில்னியஸ்) கெட்டோவின் ஒரு கஞ்சித்தொட்டிக் கூடத்தில் சுமார் 150 இளைஞர்கள் கூடினார்கள். இளங்கவிஞர் அப்பா கோவ்னர் ஓர் அறைகூவலை இத்திஷில் வாசித்தார். கெட்டோக்களுக்கிடையே செய்தி சுமந்த தோசியா ஆல்ட்மன் அதை எபிரேயத்தில் வாசித்தார். ஆடுகளைப் போலக் கொலைக்களம் போகாதீர்கள் என்பதே அதன் சாரம். மூன்று வாரத்தில் அங்கே ஆயுதக் குழு அமைந்தது.

'போகாதீர்கள்' என்று அவர்கள் சொன்னதை நாம் 'போனார்கள்' என்று மேடையில் ஒப்பிக்கிறோம். மூலத்தை யார் படித்தார்கள்? கொல்லப்பட்ட அறுபது லட்சம் பேரில் பெரும்பாலோர் பேசிய மொழி இத்திஷ். படிக்க ஆள் மிஞ்சாத மொழியில் எழுதிவைத்தது அவர்கள் தப்புத்தான்.