மூன்றாவது ஸ்டேஷனில் ஒரு வகுப்பறை

டிசம்பர், ஜனவரி வந்தால் நங்கநல்லூர்ப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து ஒரு சர்க்குலருடன் வீடு திரும்புகிறார்கள். தீம் பார்க் டூர், இத்தனை ரூபாய், இந்தத் தேதிக்குள் கட்டவும். கட்ட முடிந்தவர்கள் விடியற்காலையில் பஸ் ஏறுகிறார்கள். முடியாத பிள்ளைகள் அன்று வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளைகள் தண்ணீரில் ஆடிக் களிப்பதில் குற்றமே இல்லை. அதையே கல்விச் சுற்றுலா என்று எழுதிவைத்துவிட்டு, சில ரூபாய் ரயில் டிக்கெட்டில் போய்வரக்கூடிய இடங்களை மறந்துவிடுகிறோமே, அதுதான் வருத்தம்.

நம் ஸ்டேஷனான பழவந்தாங்கலில் தாம்பரம் வண்டி ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் பல்லாவரம். 1863 மே 30 அன்று அங்கே ஒரு சரளைக்கல் குழியில், மனிதக் கை செதுக்கிய கல் ஒன்றை நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்த கதை அந்தக் கல்லில்தான் துலங்கத் தொடங்கியது. நம் பிள்ளைகளோ கற்காலத்தை எங்கோ தூரதேசத்துச் சமாச்சாரமாக மனப்பாடம் செய்கிறார்கள்.

பழவந்தாங்கலிலிருந்து எதிர்த்திசையில் அடுத்த ஸ்டேஷன் பரங்கிமலை. 1802 ஏப்ரலில் அந்த மலைப்பக்கம்தான் வில்லியம் லாம்டன் நூறு அடி எஃகுச் சங்கிலியைத் தரையில் கிடத்தி, சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே வளர்ந்த அளவைதான் பின்னாளில் எவரெஸ்டின் உயரத்தைச் சொன்னது. பத்தாம் வகுப்பில் ஏற்றக்கோணக் கணக்கோடு மல்லுக்கட்டும் பிள்ளையை மலையடிக்கு அழைத்துப் போங்கள். அளவு நாடா ஒன்று, கோணமானி ஒன்று, நூலில் கட்டிய சிறு கல் ஒன்று. இரண்டு இடங்களில் நின்று உச்சியைக் குறிபார்த்தால் மலையின் உயரம் பிள்ளையின் கணக்கு நோட்டிலேயே வந்துவிடும். காலடியில் கிடப்பது சார்னோக்கைட் பாறை. உலக நிலவியலில் அந்தப் பாறைக்கு முகவரியே இந்தக் குன்றுகள்தாம்.

பிறகு ஏன் போவதில்லை? ஆசிரியர்களைக் கேட்டால் பயம் என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஒரு பிள்ளைக்கு முழங்கால் சிராய்த்தாலும் கேள்விகள் அத்தனையும் அவர்கள்மேல்தான் விழும். நாற்பது பேரை ஒருவர் பிளாட்பாரத்தில் மேய்க்கச் சொல்வது நாம் செய்யும் அநீதி. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வேண்டும். பெற்றோரில் இருவர் அரைநாள் விடுப்பு எடுக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பொறியாளர்களும் நம் தெருக்களில் எத்தனையோ பேர், பேரப்பிள்ளைகளோடு நடப்பதுபோல் இவர்களோடும் நடக்கலாம். குடியிருப்போர் சங்கம் குடிநீருக்கும் முதலுதவிப் பெட்டிக்கும் பொறுப்பேற்கலாம். போகும் வழியில் சுத்தமான கழிப்பறை வேண்டும் என்று மாமன்ற உறுப்பினரிடம் இன்றே மனு கொடுக்கலாம். அது இல்லாததால்தான் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் பலர் வரத் தயங்குகிறார்கள். பள்ளியின் பங்கு, போகுமுன் ஒரு கேள்வியும் வந்தபின் ஒரு வகுப்பும். அவை இல்லையென்றால் மலையும் வெறும் வேடிக்கைதான்.

2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குக் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்துவிடும். அந்தப் பயணத்தை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம். முதல் தடவைக்கு ஒரே ஒரு வகுப்பு, பரங்கிமலை. ஆபீஸ் கூட்டம் தணிந்து பத்தரை மணி வாக்கில் ரயில் ஏறினால், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.