விரல் நசுங்கினால் மருந்து, மனசு நசுங்கினால் பூட்டா?

கல்லூரி விடுதியில் ஒரு பிள்ளை உயிரை விட்டால், மறுநாளே நிர்வாகத்தின் பதில் தயாராக இருக்கிறது: “பையனுக்கு மனத்திடம் போதாது.” அத்தோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். இந்தப் பதிலை நாம் ஏற்க முடியாது.

மில்லில் ஒரு தொழிலாளியின் விரலை இயந்திரம் கடித்தால், “மெலிந்த விரல், அதனால் நசுங்கியது” என்று முதலாளி சொல்லித் தப்ப முடியுமா? 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றது. பெட்டி மட்டும் போதாது. முதலுதவியில் சான்றிதழ் பெற்ற ஒருவர் அதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும், வேலை நேரம் முழுவதும் கூப்பிட்டால் வர வேண்டும் என்றும் விதித்தது. (எத்தனை மில்களில் பெட்டிக்குள் மருந்து இருந்தது, எத்தனையில் பூட்டு மட்டும் இருந்தது என்பது தொழிலாளருக்குத் தெரியும். அது வேறு கதை.)

முந்நூறு பிள்ளைகள் படுத்துறங்கும் விடுதிக்கு என்ன ஏற்பாடு? பல இடங்களில் ஒரே வார்டன். பகலெல்லாம் பாடம் நடத்துகிறவர்; விடுதி அவருக்கு உபரிச் சுமை. ஆஜர் எடுப்பது, மெஸ் பாக்கி கேட்பது, இரவில் கேட்டைப் பூட்டுவது, இவைதாம் அவருக்குச் சொல்லப்பட்ட வேலை. அழுகிற பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? தவறு அந்த வார்டனுடையது அல்ல. அவரைக் காவல்காரராக மட்டும் வைத்திருப்பவர்களுடையது.

நெல்லித்தோப்பில் இருந்துகொண்டு இதை நாம் தூரத்துச் செய்தியாகப் படிக்க முடியாது. 2022-ல் புதுச்சேரியில் லட்சம் பேருக்கு 29.7 தற்கொலைகள், நாட்டின் சராசரி 12.4. அதே ஆண்டில் நாடு இழந்த மாணவர்கள் 13,044 பேர். ஏ.எஃப்.டி. மில் 2020-ல் மூடப்பட்டது. வேலை போன வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை, பரீட்சையில் தவறினால் யாரிடம் சொல்லும்? கடன் வாங்கி அனுப்பிய தகப்பனிடமா?

ஐதராபாத் மத்திய சர்வகலாசாலையைப் பாருங்கள். சேலம் ஜில்லாவில் பன்றி வளர்த்துப் பிழைத்த குடும்பத்தின் மகன் செந்தில்குமார், அங்கே இயற்பியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். அவருக்கு வழிகாட்டிப் பேராசிரியரே ஒதுக்கப்படவில்லை. 2008-ல் விடுதியில் இறந்தார். எட்டு ஆண்டு கழித்து அதே இடத்தில் ரோகித் வெமுலா: ஏழு மாத உதவித்தொகை வரவில்லை, விடுதியிலிருந்தும் வெளியேற்றப்பட்டார், வெட்டவெளியில் கூடாரத்தில் படுத்தார். யோசனை சொல்ல ஆள் வேண்டிய நேரத்தில் ஒருவருக்கு ஆள் இல்லை. மற்றவருக்குக் கூரையே இல்லை. இதற்குப் பெயர் மனத்திடக் குறைவா?

வேண்டியது மந்திரம் அல்ல, கற்றுக்கொள்ளக்கூடிய தொழில். உபதேசம் செய்யாமல் கேட்பது. சந்தேகம் வந்தால் “செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேட்பது. அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பூட்டிக் கிடந்த வாய்தான் திறக்கிறது. அந்த இரவு பிள்ளையைத் தனியே விடாதிருப்பது. டாக்டரிடம் சீட்டுக் கொடுத்து அனுப்பாமல் கூடவே போவது. மறுநாள் உதவித்தொகைப் பிரிவுக்கும் போய், பணம் ஏன் நிற்கிறது என்று விசாரிப்பது. இந்தக் கடைசி வேலையைச் செய்யாத ஆறுதல் வெறும் தேன் தடவிய பேச்சு.

சுப்ரீம் கோர்ட் 2025 ஜூலையில் உத்தரவிட்டது: 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது வேண்டும், ஆசிரியருக்கும் மற்ற ஊழியருக்கும் ஆண்டுக்கு இருமுறை மன முதலுதவிப் பயிற்சி வேண்டும். விடுதிகளில் தற்கொலைக்கு உதவாத மின்விசிறி மாட்டவும் சொன்னது. விசிறியை மாற்றட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கான்ட்ராக்டர் ஒரு நாளில் முடிக்கிற வேலையை முடித்துவிட்டு, சுவரில் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையும் ஒட்டிவிட்டு, சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிற வேலையைத் தட்டிக்கழிக்க விடமாட்டோம். ஆலோசகர் நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும். வார்டனுக்குப் பாடச் சுமை குறைய வேண்டும். விடுதிக் கமிட்டியில் மாணவர்கள் உட்கார வேண்டும்.

தாய் தகப்பன்மாரே! டிரங்குப் பெட்டியோடு பிள்ளையை விடுதியில் விடப் போகும்போது, மெஸ் கட்டணம் கேட்பதுபோல இதையும் கேளுங்கள்: நடுராத்திரியில் என் பிள்ளை யார் கதவைத் தட்டுவது? அவர் எங்கே பயிற்சி பெற்றார்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.