பாவ்ஃபெங் செட்டும் மூன்று வகை அபிப்பிராயங்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

சில மாதங்களாக உங்களில் நாலைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "சார், பையனுக்கு ஹாம் ரேடியோ ஆசை வந்திருக்கு. இந்த பாவ்ஃபெங் வாங்கிக் கொடுக்கலாமா?" கூடவே வாங்கியவர்கள் எழுதிய அபிப்பிராயங்களைப் படம் பிடித்து அனுப்புகிறீர்கள். ஒருவர் ஐந்து நட்சத்திரம், அடுத்தவர் ஒரு நட்சத்திரம். நம் குடும்பக் குழுவிலோ ஒரு மருமகப்பிள்ளை, "மாமா, பேசறதுக்கு எதுக்கு லைசென்ஸ்? நாங்க கல்யாண மண்டபத்துல யூஸ் பண்ணினோம், சூப்பர்" என்று எழுதியிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதக் கை வலிக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து இங்கே.

நாம் பேசுவது யு.வி-5ஆர் என்ற கையடக்க செட்டைப் பற்றி. சீனாவின் பாவ்ஃபெங் நிறுவனம் 2012ல் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 25, 30 டாலருக்குக் கிடைத்ததால் உலகம் முழுக்கப் பரவியது. அதிகபட்சம் நான்கைந்து வாட் சக்தி, 128 சேனல், ஒரு டார்ச் லைட், போதாக்குறைக்கு எஃப்.எம். பாட்டும் கேட்கலாம். ஜப்பானியக் கம்பெனிகளின் கைச்செட் இதைப்போலப் பல மடங்கு விலை. எங்கள் காலத்தில் செட் வாங்க முடியாமலே ஆசையை மூட்டை கட்டி வைத்தவர்கள் நிறையப் பேர். ஒரு டூவீலர் மெக்கானிக்கின் பிள்ளையும் வாங்கும் விலையில் ஒரு செட் வந்திருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

இந்தச் செட்டைப் பற்றி ஊரில் மூன்று வகை அபிப்பிராயம் உலவுகிறது. மூன்றையும் விடைத்தாள் திருத்துவது போலத் திருத்திப் பார்த்தேன். மூன்றுமே தேறவில்லை.

முதல் வகை, தூரத்தை வைத்து நட்சத்திரம் போடுபவர்கள். "பத்து கிலோமீட்டர் எடுக்குது, அருமை" என்கிறார் ஒருவர். "பக்கத்துத் தெருவுக்குக்கூட எடுக்கலை, ஏமாத்து வேலை" என்கிறார் இன்னொருவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. செட்டை அளப்பதாக நினைத்துக்கொண்டு தாங்கள் நின்ற இடத்தை அளந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த அலைவரிசையில் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமியோ உருண்டை. ஆண்டெனா இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அந்த அலைக்கான தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். நீங்கள் செட்டைப் பிடிக்கும் உயரம் ஒன்றரை மீட்டர் என்றால் சுமார் 5 கிலோமீட்டர். எதிரில் பேசுபவருக்கும் 5. வெட்டவெளியில் கூட்டினால் பத்து. நடுவில் கான்கிரீட் கட்டடங்கள் நின்றால் அது ஒன்றாகக் குறையும். அதே செட், அதே பேட்டரி. எதிர்முனை 2,100 மீட்டர் உயர மலையில் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 190 கிலோமீட்டர். அதற்காகத்தான் ஹாம்கள் மலை உச்சியிலும் உயர்ந்த கட்டடத்திலும் ரிப்பீட்டர் வைக்கிறார்கள். அது உங்கள் குரலை ஓர் அலைவரிசையில் வாங்கி, அதே நொடியில் இன்னொன்றில் திரும்ப அனுப்பும். அந்த இரண்டு அலைவரிசைகளையும், கதவைத் திறக்கும் டோனையும் செட்டில் சரியாகப் பதிய வேண்டும். பதியத் தெரியாதவர், "ரிப்பீட்டர் கிடைக்கவில்லை, செட் வேஸ்ட்" என்று எழுதுகிறார். வண்டியில் கியர் மாற்றாமல் இன்ஜினைத் திட்டுவது போல.

இன்னொன்றையும் ஒருவரும் எழுதுவதில்லை. 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் என்ன? 300ஐ 145ஆல் வகுத்தால் 2.07 மீட்டர். அதில் கால்பங்கு 52 சென்டிமீட்டர். செட்டோடு வரும் ரப்பர் ஆண்டெனா ஒரு சாண்கூட இல்லை. அதைச் சுருட்டிக் குட்டையாக்கியிருக்கிறார்கள். வசதிக்காகக் கொடுத்த விலை அது. சுமார் அரை மீட்டர் நீளத்தில் ஐந்து கம்பி, ஒரு சாக்கெட், கொஞ்சம் கேபிள் இருந்தால் மொட்டை மாடியில் வைக்க நல்ல ஆண்டெனாவைப் பிள்ளைகளே செய்துவிடலாம். எட்டாம் வகுப்பு வகுத்தல் கணக்கு போதும். நட்சத்திரம் போடுகிற நேரத்தில் இதைச் செய்திருக்கலாம்.

இரண்டாவது வகை, என் வயதை ஒத்த மூத்த ஹாம்கள். "சீனாக் குப்பை, தூக்கி எறி" என்பது இவர்கள் தீர்ப்பு. இவர்களிடம் உண்மையான ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்கிறேன். பாடிக்கொண்டிருக்கும்போது நாதஸ்வரத்தில் பிசிறு தட்டுவது போல, ரேடியோவும் தான் பேச வேண்டிய அலைவரிசையைத் தாண்டி அதன் மடங்குகளிலும் கசியும். 145ல் பேசினால் 290ல் ஒரு கசிவு. அது உலகில் பல நாடுகளில் ராணுவ விமானங்கள் பேசும் 225 முதல் 400 வரையிலான எல்லைக்குள் விழுகிறது. இந்தச் சக்தியுள்ள செட் அங்கே 25 மைக்ரோவாட்டுக்கு மேல் கசியக்கூடாது என்பது அமெரிக்க விதி. ஐந்து வாட்டில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. அமெரிக்க ஹாம் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல்.லின் ஆய்வகம் சோதித்தபோது பல பாவ்ஃபெங் செட்டுகள் இந்த வரம்பைத் தாண்டின. ஒரே பெயரில் வரும் செட்டுகளில் ஒன்று தேறுகிறது, இன்னொன்று தவறுகிறது.

கேட்கும் பக்கத்திலும் குறை உண்டு. முன்பெல்லாம் பல பாகங்கள் சேர்ந்து செய்த வேலையை இதில் ஒரே ஒரு சிப் செய்கிறது. விலை குறைந்ததன் ரகசியம் அதுதான். வடிகட்டும் பகுதியைச் சுருக்கிவிட்டதால், பக்கத்தில் பலமான எஃப்.எம். நிலையமோ வேறு டவரோ இருந்தால் செட்டின் காது அடைத்துக்கொள்ளும்.

இதெல்லாம் சரி. ஆனால் "குப்பை" என்று சொல்லிவிட்டு எழுந்து போவது ஆசிரியர் வேலையா? கசிவை அளக்கும் டைனி எஸ்.ஏ. என்ற குட்டிக் கருவி இன்று பல ஹாம்கள் கையில் இருக்கிறது. புதிதாக வந்த பையனின் செட்டை மேசையில் வைத்து, "இதோ பார், இது நீ பேசியது, இது நீ பேசாமல் கசிந்தது" என்று காட்ட எத்தனை நிமிடம் ஆகும்? தேறினால் பயன்படுத்தட்டும். தேறாவிட்டால் நடுவில் ஒரு ஃபில்டர் போடக் கற்றுக் கொடுங்கள். விலையுயர்ந்த செட் வைத்திருப்பவனுக்கு வாழ்நாளில் கிடைக்காத பாடம் அந்த மலிவு செட்டால் கிடைக்கும். நம் நாட்டிலேயே அஷர் ஃபர்ஹான் பிட்எக்ஸ் என்ற எளிய செட்டை வடிவமைத்து, எவரும் செய்துகொள்ளும்படி வரைபடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டார். அவர் யாரையும் பார்த்து உன் செட் மட்டம் என்று சொல்லவில்லை. மூத்தவர்கள் அந்த வழியைப் பின்பற்றினால் நல்லது. முதல் நாளே இளக்காரமாகச் சிரித்தால் பிள்ளை கைப்பேசி விளையாட்டுக்குத் திரும்பிவிடுவான். நட்டம் அவனுக்கு மட்டும் இல்லை.

மூன்றாவது வகைதான் எனக்குக் கோபம் வரவைப்பது. "லைசென்ஸ் தேவையில்லை, பேட்டரி போடு, பேசு." மருமகப்பிள்ளை கவனிக்கவும்.

இந்தச் செட் விளம்பரத்தில் 136 முதல் 174 வரை, 400 முதல் 520 வரை என்று பெருமையாகப் போடுகிறார்கள். கூட்டினால் 158 மெகாஹெர்ட்ஸ். அதில் இந்தியாவில் ஹாம்களுக்கு உரியது 144 முதல் 146, 434 முதல் 438. மொத்தம் 6. மீதி 152ம் வேறு யாருடையதோ. யாருடையது? கடலில் படகு கவிழும்போது மீனவரும் கப்பல் மாலுமியும் உதவி கேட்டுக் கூப்பிடும் 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், இதற்குள் இருக்கிறது. ரயில் ஓட்டுநரும் கார்டும் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். அலைவரிசைகள் இதற்குள் இருக்கின்றன. அங்கே பேசாதே என்று இந்தச் செட் உங்களைத் தடுக்காது. நம் கடற்கரை ஊர்களில் எனக்கு எத்தனை மாணவர்கள் இருக்கிறீர்கள்! உங்கள் அப்பா நடுக்கடலிலிருந்து கூப்பிடும் நேரத்தில் கரையில் ஒருவர் "பந்தி ரெடியா, சாம்பார் வந்துச்சா" என்று பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தால்? ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பக்கத்தில் இருப்பவன் குரல்தான் ஜெயிக்கும்.

சட்டம் இதைப் புதிதாகச் சொல்லவில்லை. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமே உரிமமில்லாமல் இத்தகைய கருவியை வைத்திருப்பதையே குற்றம் என்றது. பேசினால்தான் என்று இல்லை, வைத்திருந்தாலே. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதி கேட்கிறது. 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், அலைவரிசை என்ன, உரிமம் வேண்டுமா என்று சொல்லாமல் வாக்கி டாக்கி விற்ற இணையத் தளங்களுக்கு 13 நோட்டீஸ் அனுப்பியது. அமெரிக்காவிலும் 2018ல் இந்தச் செட்டின் ஒரு வகையை விற்ற நிறுவனத்தின் மீது, அனுமதித்த எல்லைக்கு வெளியிலும் பேசும்படி இருக்கிறது என்று அரசு ஆணையம் நடவடிக்கை எடுத்தது. விற்பவன் மறைத்தது பெரிய தப்பு. அதற்காக வாங்கியவர் தெரிந்தபின்னும் கண்ணை மூடிக்கொள்ளலாமா?

கல்யாண மண்டபத்துக்கு வேண்டுமென்றால் உரிமம் தேவைப்படாத, சக்தி குறைந்த வாக்கி டாக்கி இருக்கிறது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் அதற்கென்றே விட்டிருக்கிறார்கள். மண்டபத்துக்கு அது தாராளம். பாவ்ஃபெங்கை அந்த எண்ணுக்குத் திருப்பிவைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சக்தி வரம்பு வேறு, செட்டுக்குரிய அனுமதி வேறு.

"புயல் வெள்ளத்தில் உயிர் காக்கும் செட், அதற்காகவாவது வீட்டில் ஒன்று இருக்கட்டும்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது பாரதி பிரசாத் என்ற ஹாம் அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தார். தொடர்பு அறுந்த தீவுகளிலிருந்து செய்தி வெளியே வர அவரும் தோழர்களும் உதவினார்கள். அவர்கள் பயன்படுத்தியது வானில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும் சிற்றலை செட். இந்தக் கைச்செட் இல்லை. அதைவிட முக்கியம், யாரை எப்போது எந்த அலைவரிசையில் கூப்பிடுவது என்று பல வருடம் பேசிப் பழகிய பழக்கம். பீரோவில் கிடக்கும் செட் வெள்ளம் வந்த அன்று தானாகப் பேசாது. நீச்சல் தெரியாதவன் வீட்டில் படகு வாங்கி வைப்பது மாதிரி.

ஆகவே என் பதில் இது. வாங்கிக் கொடுங்கள், ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் படிப்பு, பிறகு தேர்வு, உரிமம், கடைசியில் செட்.

பன்னிரண்டு வயது நிறைந்தால் தேர்வு எழுதலாம். முதல் படியான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தந்தி தெரிய வேண்டியதில்லை. கொஞ்சம் மின்சாரம், கொஞ்சம் அலை, கொஞ்சம் விதிமுறை. பள்ளி அறிவியலோடு சில வாரம் உட்கார்ந்தால் போதும். விண்ணப்பம் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்தில். தேர்ந்து உரிமம் வந்தால், உலகத்தில் வேறு எவருக்கும் இல்லாத ஒரு பெயர் கிடைக்கும். வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி. காத்திருக்கச் சலிப்பாக இருக்கும். அந்த நாட்களில் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் வெப்எஸ்.டி.ஆர். வழியாகச் சும்மா கேட்கட்டும். செட் வேண்டாம், காசு வேண்டாம். பேசுவதற்கு முன் கேட்கப் பழகியவன்தான் நல்ல ஹாம்.

உரிமம் கையில் வந்த பிறகு இந்தச் செட்டைக் கொடுத்துப் பாருங்கள். சிர்ப் என்ற இலவச மென்பொருளில் தன் ஊர் ரிப்பீட்டரைத் தானே பதிவான். கால் அலை ஆண்டெனாவைத் தானே வளைப்பான். ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் கடக்கும் சில நிமிடங்களில், அங்கிருக்கும் வீரர் பள்ளிப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தால், 145.800ல் அந்தக் குரலை இதே மலிவு செட்டில் கேட்பான். அன்றைக்கு அவன் எத்தனை நட்சத்திரம் போடுகிறான் என்று கேளுங்கள். அந்த அபிப்பிராயத்தை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஏற்கெனவே உரிமமில்லாமல் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு: பட்டனை அமுக்காதீர்கள். உரிமம் உள்ள ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தேர்வுக்குப் பெயர் கொடுங்கள். மருமகப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம்.

படிக்க விரும்பும் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்தால் ஞாயிறு காலை என் வீட்டுத் திண்ணையில் பாடம் நடத்தத் தயார். கட்டணம் கிடையாது. நோட்டும் பேனாவும் கொண்டு வரவும். தாமதமாக வந்தால் பழைய வழக்கம்தான், வாசலில் நிற்க வேண்டும்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். கட்டாயம் பதில் சொல்வேன்.