பாரமான பிள்ளை புள்ளி எழுதத்தானா?



கூடைப்பந்து அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும்போது, உயரமும் பருமனுமான பிள்ளையிடம் ஆசிரியர்களாகிய நாங்கள் இரண்டில் ஒன்றைத்தான் சொல்கிறோம். "உடம்பைக் குறைச்சிட்டு வா." இல்லாவிட்டால், "வளையத்துக்குக் கீழே போய் நில்லு." இரண்டுமே பிழை என்றுதான் இப்போது நினைக்கிறோம்.

வளையத்துக்கு அருகில் ஆடுபவருக்குப் பாரம் ஒரு சொத்து. லேக்கர்ஸ் அணி 2000 முதல் 2002 வரை தொடர்ந்து மூன்று முறை சம்பியனானது. மூன்று இறுதித் தொடரிலும் சிறந்த வீரர் ஷகீல் ஓ'நீல். முதுகைக் கொடுத்துத் தள்ளித் தள்ளியே உள்ளே போவார். ஒல்லியான ஓ'நீலை மறிக்க இரண்டு பேர் தேவைப்பட்டிருக்குமா?

ஆனால் அந்தப் பாரத்தைச் சுமந்து ஓடக் காலில் தெம்பு வேண்டும். ஆடுகளம் 28 மீற்றர் நீளம். முதலில் ஓடிப்போய் இடம் பிடிப்பவனுக்குப் பந்து வளையத்தடியில் கிடைக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு பிந்தி வருபவன் தூரத்தில் நின்றுதான் வாங்குவான். 24 செக்கனில் பாதி அதற்குள் போய்விடும். கடைசிக் கால்பகுதியில் எறியும் பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டு விழும். கை சரியில்லை என்று கத்துவோம், களைத்துப் போனது கால்.

நிகோலா யோகிச் 2014இல் 41ஆவதாகத் தெரிவானவர். 2020 கொரோனா இடைவேளையில் உடம்பைக் குறைத்து வந்தார், அடுத்த பருவத்தின் பெறுமதிமிக்க வீரரும் அவரே. அதற்காக ஒல்லியாகிவிடவில்லை. பதிவில் அவரது நிறை சுமார் 129 கிலோ! தராசு முள்ளை மட்டும் பார்த்தால் இது விளங்காது.

ஹகீம் ஒலாஜுவானை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். லாகோஸில் உதைபந்தாட்டக் கோல் காப்பாளராக இருந்தவர். ஒரு பக்கம் போவதாகக் காட்டி மறுபக்கம் திரும்புவார், மறிப்பவன் அங்கும் வந்தால் திரும்பவும் திரும்புவார். மூன்றாவது திருப்பம் வரை கால் தாங்க வேண்டுமே! 1995 பெப்ரவரி முதலாம் திகதி ரமழான் தொடங்கியது. நோன்பு நோற்றுக்கொண்டே ஆடி அந்த மாதத்தின் சிறந்த வீரரானார். அவ்வருட இறுதித் தொடரில் தன்னைவிடப் பாரமான ஓ'நீலின் அணியை ஹூஸ்டன் 4-0 என வென்றது. ஹகீமின் சராசரி 32.8 புள்ளிகள். (வளரும் பிள்ளைகளை நோன்போடு அப்படி ஓடச் சொல்லவில்லை. அவர் பல வருடம் பழகிய மனிதர்.)

போன வருடம் பாரம் என்று சொல்லி ஒரு பிள்ளையைப் புள்ளி எழுத உட்கார வைத்தோம். ஒரு பிழையில்லாமல் எழுதினான். இந்தத் தவணை அஸருக்குப் பிறகு அவனையும் ஓடவிடப் போகிறோம், முதல் வாரம் பாதி மைதானம் மட்டும். மூன்று மாதத்தில் ஒரு கிலோவும் குறையவில்லையே என்று வீட்டார் எங்களோடு சண்டைக்கு வராமல் இருந்தால் போதும்.