குடும்ப மரத்தில் சாதிக்கு எதற்குத் தனிக் கட்டம்?

குடும்ப மரத்தை ஓர் இணையதளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஒரே ஒரு கோப்பு போதும். அந்த வடிவத்துக்குப் பெயர் ஜெட்காம். அமெரிக்காவின் மார்மன் திருச்சபை 1984-இல் உருவாக்கியது. ஆன்செஸ்ட்ரி, மைஹெரிட்டேஜ் என எந்தத் தளத்தில் மரம் வளர்த்திருந்தாலும் ஜெட்காம் கோப்பாக இறக்கி, அடுத்த தளத்தில் ஏற்றிவிடலாம். படங்கள் பெரும்பாலும் வழியிலேயே உதிர்ந்துவிடும். பெயர், பிறப்பு, இறப்பு, திருமணம், பிள்ளைகள் எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேரும்.

கூடவே சாதியும் போய்ச் சேரும்.

ஜெட்காம் வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு வரியிலும் இது பிறப்பு, இது தொழில் என்று காட்ட ஆங்கிலத்தில் ஒரு குறிச்சொல் இருக்கும். சாதிக்கும் அப்படி அதிகாரபூர்வமான குறிச்சொல் ஒன்று உண்டு: சி, ஏ, எஸ், டி என்ற நாலெழுத்து. 1990-களின் 5.5 பதிப்பில் இருந்தது. 2021-இல் எல்லாவற்றையும் சீர்செய்து வெளியிட்ட 7.0 பதிப்பிலும் இருக்கிறது. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். ‘ஆளின் பண்புகள்’ என்ற வரிசையில், உடல் தோற்றம், படிப்பு, தொழில் ஆகியவற்றோடு. மூக்கு, முழி போல சாதியும் ஒருவரோடு ஒட்டிப் பிறந்தது என்கிறது கணினி.

எங்கள் விருத்தாசலத்தில் அதே நாலெழுத்துக்கு வேறு பொருள். பீங்கான் பட்டறையில் ‘காஸ்டிங்’ என்றால் களிமண் கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவது. அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், ஓரத்தில் மண் படியும், மிச்சக் கூழைக் கொட்டிவிட்டால் உள்ளே பொம்மை நிற்கும். கூழுக்கென்று முகம் எதுவும் கிடையாது. அச்சில் இருக்கிற முகம்தான் அதற்கு. குடும்ப மரமும் அப்படித்தான். கட்டம் ஒன்று இருந்தால் அதை நிரப்ப ஓர் ஆள் வந்துவிடுவார்.

கடைசிப் பெயர்க் கட்டமும் இதே வேலையைத்தான் செய்கிறது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. நம் தாத்தாக்கள் வெட்டிப் போட்ட அந்த வாலைத் தேடி எடுத்து, அமெரிக்கத் தளம் கேட்கிறது என்று ஒட்டவைக்கிறார்கள் பேரப்பிள்ளைகள். அப்பா பெயரைப் போட்டால் அந்தக் கட்டம் வேண்டாம் என்றா சொல்லிவிடப் போகிறது?

‘கட்டாயமில்லையே, வேண்டாதவர்கள் காலியாக விடலாமே’ என்பார்கள். காலியாக விடுகிறவர்கள் யார், நிரப்புகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். நான் கணினி வேலை பார்ப்பவன். சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா மகன், ஒரு தளத்தில் சந்தா கட்டி மாளவில்லை என்று வேறு தளத்துக்கு மாற்றித் தரச் சொல்லி எங்கள் குடும்பக் கோப்பை அனுப்பினார். நானூற்றுச் சொச்சம் பேர். ஆறு தலைமுறை ஆண்களுக்கும் சாதிக் கட்டம் நிரம்பியிருந்தது. எங்கள் அத்தைக்குப் பெயரும் பிறந்த வருடமும் மட்டும். அத்தை சேரியைச் சேர்ந்தவரைக் கட்டிக்கொண்டவர். வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், ஒரு பேத்தி, எவருமே கோப்பில் இல்லை.

“உள்ளது உள்ளபடி மாத்திக் குடு தம்பி, போதும்” என்றார்.

“உள்ளபடின்னா அத்தை வீட்டுக்காரரும் உள்ளவர்தானே அண்ணே?”

“அதெல்லாம் பெரியவங்க முடிவு பண்ணினது. நீ ஃபைலைக் கெடுக்காத.”

அத்தையிடமே கேட்டேன். “போடறதுன்னா எல்லாரையும் போடு. இல்லன்னா என்னையும் எடுத்துடு” என்றார். நான் மாற்றித் தர மறுத்துவிட்டேன். வேறு யாரையோ வைத்து மாற்றிக்கொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெட்காமில் இருவரைக் கணவன் மனைவியாக இணைக்கச் சில வரிகள் போதும். அந்த வரிகள் சாதி கேட்காது. வடிவம் அனுமதிப்பதைப் பங்காளிகள் அனுமதிப்பதில்லை.

அந்த வரிகளை எழுதவிடாமல் தடுக்க எதுவரை போவார்கள் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்த கண்ணகியும் முருகேசனும் 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். முருகேசன் தலித், பொறியியல் பட்டதாரி. கண்ணகி வன்னியர். ஜூலை 8 அன்று கண்ணகியின் குடும்பத்தார் இருவருக்கும் மூக்கிலும் காதிலும் நஞ்சை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். காவல்துறை முருகேசன் தரப்பையும் கொலைகாரர்களாக்கி வழக்கு ஜோடித்தது. சிபிஐ விசாரித்து, கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 செப்டம்பர் ஆனது. உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது 2025 ஏப்ரலில். திருமணமாகி 22 ஆண்டுகள். எந்தச் சாதிச் சங்கத்தின் வம்சாவளிப் புத்தகத்திலாவது இவர்களைக் கணவன் மனைவி என்று ஒரே வரியில் எழுதுவார்களா?

அப்படியானால் சாதி என்ற சொல்லையே கோப்பிலிருந்து துடைத்துவிடலாமா? நம் தோழர்கள் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சம் பேர் கப்பலேறினார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. எங்கள் தென்னாற்காட்டிலிருந்தும் போனார்கள். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள தழும்பு என்று பத்தி பத்தியாக எழுதினான் வெள்ளைக்காரன். பட்டாவும் கல்வெட்டும் இல்லாத ஒருவருக்குப் பூட்டன் இருந்தான் என்பதற்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரிதான். டர்பனில் இருக்கும் பேத்தியிடம் போய், சாதிப் பத்தியை அழித்துவிடு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? ஆதிக்கசாதிக்காரன் பெருமைக்காக எழுதியதும், ஒடுக்கப்பட்டவன் மேல் அடுத்தவன் எழுதிவைத்ததும் ஒன்றல்ல.

ஆனால் அந்தத் தகவல் எங்கே இருக்க வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. ‘இவர் இன்ன சாதி’ என்பது அந்த மனிதரின் பண்பு அல்ல. ‘இன்ன ஆண்டு, இன்ன கப்பலின் பட்டியலில் எழுத்தர் இப்படி எழுதினார்’ என்பதுதான் உண்மை. ஜெட்காமில் ஆவணச் சான்றுக்கும் குறிப்புக்கும் இடம் இருக்கிறது. சாதியை அங்கே, எழுதியவனின் கூற்றாகப் போடுங்கள். அங்கே போட்டால் அது ஓர் ஆவணத்தோடு நின்றுவிடும். பண்பாகப் போட்டால் மகனுக்கும் பேத்திக்கும் பிரதி எடுத்து ஒட்டிக்கொண்டே போவார்கள்.

எனவே, தோழர்களே, உங்கள் வீட்டு மரத்தை யாராவது தளம் மாற்றித் தரச் சொன்னால், ஏற்றுவதற்கு முன் நோட்பேடில் திறந்து அந்த நாலெழுத்தைத் தேடுங்கள். பெருமைக்காக நிரப்பியதை நீக்குங்கள். பழைய ஆவணத்திலிருந்து வந்ததைச் சான்றுக் குறிப்புக்கு நகர்த்துங்கள். கடைசிப் பெயரில் பட்டம் இருந்தால் எடுங்கள். விடுபட்ட அத்தைகளை, அவர்கள் சம்மதித்தால், வீட்டுக்காரரோடும் பிள்ளைகளோடும் சேர்த்து எழுதுங்கள். வீட்டில் சண்டை வரும். வரட்டும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. மார்மன் திருச்சபையின் ஃபேமிலிசர்ச் அமைப்பு, ஜெட்காம் தரத்தை கிட்ஹப்பில் திறந்தே வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். பண்புகள் வரிசையிலிருந்து சாதியை எடுக்கக் கோரி ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் திருத்தித் தர ஆள் வேண்டும்.