ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியுமா? அமெரிக்காவில் மாணவியாக மாறிய மனைவிகளுக்கு விசா சிக்கல்!

சென்னை,

அமெரிக்க மாப்பிள்ளைக்கு பெண் கொடுத்த வீடுகளில் இப்போது ஒரு புதுக்கவலை. தங்கச்சிக்கு கல்யாணம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் சொன்னால், "வந்தா திரும்ப போக முடியுமான்னு தெரியலையே" என்று மகள் போனில் தயங்குகிறார்.

என்ன நடக்கிறது? கணவருக்கு எச்-1பி வேலை விசா. மனைவி போனது எச்-4 விசாவில். அதில் பெரும்பாலானவர்கள் வேலைக்குப் போக முடியாது. அதனால் பலர் அங்கேயே காலேஜில் சேர்ந்து, எப்-1 மாணவியாக மாறிவிடுகிறார்கள். இதற்கு ஊருக்கு வர வேண்டியதில்லை. அங்கேயே மனு போட்டால் போதும்.

வில்லங்கம் இங்கேதான். மாறியது அங்கே தங்கும் தகுதி மட்டும். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருப்பது பழைய எச்-4 தான். தங்கும் தகுதி வேற, விசா வேற. அமெரிக்காவை விட்டு வெளியேறாத வரை பிரச்சினை இல்லை. ஊருக்கு வந்துவிட்டால், மாணவியாக திரும்பிப் போக தூதரகத்தில் எப்-1 விசா வாங்கியே ஆக வேண்டும். பழைய எச்-4 காலாவதி ஆகாமல் இருந்தால் அதை வைத்து நுழையலாம். ஆனால் மாணவி தகுதி போச்சு. படித்து முடித்ததும் கிடைக்கும் வேலை அனுமதியும் கையைவிட்டுப் போகும்.

முன்பு இந்தியர்கள் பலர் மெக்சிகோ, சிங்கப்பூர் என்று வேறு நாட்டுக்குப் போய் விசா வாங்கி வந்தார்கள். 2025 செப்டம்பரில் அதற்கும் கட்டை போட்டார்கள். சொந்த நாட்டிலோ, வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டுமாம். அதே மாதம் நேர்காணல் சலுகையும் பெரும்பாலும் ரத்தானது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொன்னது அதற்கு முன்பே, 2025 ஜூனில்.

சென்னையில் என்றால் அண்ணா மேம்பாலம் பக்கத்தில் உள்ள துணைத்தூதரகத்தில் நேர்காணல். அங்கே கேட்கும் முக்கிய கேள்வி, "படிச்சு முடிச்சிட்டு ஊருக்கு திரும்புவீங்களா?" எச்-4 விசாவுக்கு இந்தக் கேள்வி இல்லை. மாணவர் விசாவுக்கு உண்டு. புருஷன் அமெரிக்காவில், குழந்தை அமெரிக்காவில், கிரீன் கார்டுக்கும் மனு போட்டாச்சு. இந்த நிலையில் 'திரும்பி வருவேன்' என்றால் எந்த அதிகாரி லேசில் நம்புவார்? 214-பி என்ற பிரிவில் நிராகரித்தால் அப்பீல் கிடையாது. கட்டிய 185 டாலரும் திரும்ப வராது.

அமெரிக்காவில் இருந்தபடியே மாணவர் விசா ஸ்டாம்ப் அடித்துத் தருகிறேன் என்று புரோக்கர் யாராவது சொன்னால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அப்படி ஒரு வசதியே கிடையாது.

கல்யாணத்துக்கு வந்தே தீர வேண்டும் என்றால், காலேஜ் தரும் ஐ-20 தாளில் பயணக் கையெழுத்து வாங்க மறக்கக் கூடாது. அது ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் செல்லாது. நேர்காணல் தேதி கிடைத்த பிறகு பிளைட் டிக்கெட் போடுவது நல்லது என்கிறார்கள் போய் வந்தவர்கள்.